வராலோ புனித மலை: முதல்முறை போகிறவர்களுக்கு

வட இத்தாலியில், பியெமோந்தே மாநிலத்தின் செசியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் வராலோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் பாறைக்குன்றின் மேல், கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருப்பதுதான் சாக்ரோ மோந்தே, அதாவது புனித மலை. 44 சிற்றாலயங்களும் ஒரு பேராலயமும் சேர்ந்து மொத்தம் 45. சிற்றாலயங்களுக்குள் ஆளுயரச் சிலைகள் 800 வரை உண்டு. சுவரோவியங்களில் தீட்டப்பட்டவர்களை எண்ணப் புகுந்தால் ஆயிரக்கணக்கில் போகும். ஆதாம் ஏவாளில் தொடங்கி கல்லறை வரைக்கும் இயேசுவின் கதையை நடந்தே பார்க்கும்படி கட்டிய இடம் இது.

முதல்முறை வருகிறவர்களுக்கு ஏமாற்றம் நேர்வது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டு ஒவ்வொன்றிலும் சமமாக நின்று வருவார்கள். முப்பதைத் தாண்டும்போது கால் ஓய்ந்துவிடும். சிலுவைச்சாவைக் காட்டும் 38-வது சிற்றாலயத்தை அரை நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். மலையின் தலைசிறந்த வேலைகளில் பலவும் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் இருக்கின்றன. ஆகவே நேரத்தை முதலிலேயே பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் என்றாலே 45-க்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது, நடக்கும் நேரம் தனி. அவ்வளவு நேரம் எல்லாருக்கும் கிடைக்காது. எங்கே விரைந்து போகலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி

பெர்னார்தீனோ காயிமி என்ற பிரான்சிஸ்கன் துறவி புனித நாட்டில் பணியாற்றிவிட்டுத் திரும்பியவர். எருசலேமுக்குப் போக வசதியும் துணிவும் இல்லாத மக்களுக்காக அந்த இடங்களை இங்கேயே எழுப்ப நினைத்தார். 1486-இல் திருத்தந்தையின் அனுமதி கிடைத்தது. 1491-இல் கல்லறைச் சிற்றாலயம் எழுந்தது. அவர் திட்டம் இடங்களை அடிப்படையாகக் கொண்டது: இது நாசரேத்து, இது பெத்லகேம், இது கல்வாரி என்று. நூறாண்டுக்குள் அந்த எண்ணம் மாறி, கதை நடந்த வரிசைப்படி பார்க்கும் வழி வந்தது. 1560-களில் கட்டடக் கலைஞர் கலேயாட்சோ அலெஸ்ஸி மலை முழுவதையும் திருத்தி வரைந்த திட்டம் அதில் பெரும்பங்கு வகித்தது.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் உண்டு. எண் வரிசைப்படி நடக்கும்போது, அடுத்தடுத்த இரண்டு சிற்றாலயங்களில் ஒன்று 1500-களின் தொடக்கத்தில் செய்தது, மற்றது நூறு வருடம் பிந்தியது என்று இருக்கும். பாணியும் தரமும் திடீர் திடீரென்று மாறும். நீங்கள் பார்த்ததில் தவறில்லை. கதைக்கு ஒரு வரிசை, கட்டியதற்கு வேறொரு வரிசை.

மலைக்கு முன் ஒரு சுவர்

நேராக மேலே ஏறிவிடாதீர்கள். ஏறும் பாதையின் அடிவாரத்திலேயே சாந்தா மரியா தெல்லே கிராட்சியே என்ற கோவில் இருக்கிறது. உள்ளே, துறவிகளின் பகுதியையும் மக்கள் பகுதியையும் பிரிக்கும் பெரிய சுவர் முழுவதும் கவுதென்ட்சியோ பெர்ராரி 1513-இல் தீட்டியது. இயேசுவின் வாழ்க்கை 21 காட்சிகளில் வரிசை வரிசையாக ஓடுகிறது. நடுவில் இருக்கும் சிலுவைக் காட்சி மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரிது. மேல் வரிசையில் இடக்கோடியிலிருந்து தொடங்கி, புத்தகம் படிப்பதைப் போல வலப்பக்கமாகப் படித்து அடுத்த வரிசைக்கு இறங்குங்கள்.

வீரர்களின் கவசங்களைக் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அவை தட்டையாக இல்லை. சாந்தை மேடாக எழுப்பி, அதன் மேல் பொன்முலாம் பூசியிருக்கிறார். மெழுகுவத்தி வெளிச்சம் பட்டால் மினுங்குவதற்காகச் செய்த வேலை அது. சிலையையும் ஓவியத்தையும் ஒன்றாகக் கலக்கும் ஆசை இந்தச் சுவரிலேயே தொடங்கிவிட்டது. மேலே 38-வது சிற்றாலயத்தில் அது முழு உருவம் பெறுகிறது. இங்கே இருபது நிமிடம் செலவிட்டால் மேலே ஒரு மணி நேரம் மிச்சமாகும். கதை மனதில் பதிந்துவிடுவதால், மேலே எது எந்தக் காட்சி என்று விளக்கப் பலகையைத் தேட வேண்டியிருக்காது.

போவதும் ஏறுவதும்

மிலானிலிருந்து வராலோ ஏறக்குறைய 100 கிலோமீட்டர். காரில் வருகிறவர்கள் ஏ26 நெடுஞ்சாலையில் ரொமஞ்ஞானோ செசியா–கெம்மே வெளிவாயிலில் இறங்கிப் பள்ளத்தாக்கு வழியே மேலே வர வேண்டும். ரயிலை நம்புகிறவர்கள் கவனிக்க: நொவாராவிலிருந்து வராலோவுக்கு ஓடிய அன்றாடப் பயணிகள் ரயில் 2014-இல் நின்றுபோனது. பழைய வழிகாட்டிகளில் ரயில் நேரம் அச்சிட்டிருக்கும், அதை வைத்துத் திட்டமிடாதீர்கள். நொவாரா வரை ரயிலில் வந்து பிறகு பேருந்து பார்ப்பதுதான் வழி. ஞாயிறும் விடுமுறை நாளும் பேருந்து குறைவு. திரும்பி வரும் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் போகும்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து மேலே போக மூன்று வழிகள்: கேபிள் கார், கார்ச் சாலை, நடைபாதை. நடக்க முடிந்தவர்களுக்கு நடைபாதையே சரி. மேலே சொன்ன கோவிலின் அருகிலிருந்து கல் பதித்த பாதை மரங்களுக்கிடையே ஏறுகிறது. நிதானமாக நடந்தால் இருபது நிமிடம். உருண்டைக் கற்கள் என்பதால் மழை நாளில் வழுக்கும். தேய்ந்துபோன செருப்போடு இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து. கேபிள் கார் ஓரிரு நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் அதில் வருகிறவர்களுக்கு ஒரு குழப்பம் காத்திருக்கிறது. அது கதையின் தொடக்கத்தில் இறக்கிவிடாது. கண்ணெதிரே பேராலயமும் பெரிய முற்றமும் தெரிந்ததும் அங்கேயே பார்க்கத் தொடங்கி, சிலுவைச்சாவை முதலிலும் பிறப்பைக் கடைசியிலும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். இறங்கியதும் எதையும் பார்க்காமல் "போர்த்தா மஜ்ஜோரே" என்ற பெருவாயிலுக்கு நடந்துவிடுங்கள். அங்கிருந்துதான் எண் ஒன்று.

கேபிள் கார் பழுதுபார்ப்புக்காகவோ காற்றுக்காகவோ நிற்பதுண்டு. முட்டிவலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் அன்று காலையே ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. மேலே வந்த பிறகும் படிகள் உண்டு; சக்கர நாற்காலியில் எல்லாச் சிற்றாலயங்களையும் எட்டிவிட முடியாது. முற்றங்களில் இருப்பவை மட்டும் கொஞ்சம் எளிது.

துளை வழியே பார்ப்பது

புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபடாத விஷயம் இதுதான். பெரும்பாலான சிற்றாலயங்களுக்குள் நுழைய முடியாது. முன்னால் மரச்சட்டமோ இரும்புக்கம்பியோ கொண்ட தடுப்பு இருக்கும். அதில் முகத்தளவு துளைகள். பல இடங்களில் கீழே முழந்தாளிடும் பலகை. ஆரம்ப காலத்தில் திருப்பயணிகள் உள்ளேயே போய்ச் சிலைகளுக்கு நடுவே நின்றார்கள். கத்தோலிக்கத் திருச்சபை தன்னைச் சீர்திருத்திக்கொள்ள 16-ஆம் நூற்றாண்டில் கூட்டிய திரிதெந்து பொதுச்சங்கத்துக்குப் பிந்தைய காலத்தில் அது முறையல்ல என்று தோன்றியது. பார்ப்பவர் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்பதைத் தடுப்புகள் முடிவுசெய்தன. நொவாரா ஆயராக இருந்த கார்லோ பாஸ்கபே இதில் மிகக் கறாராக இருந்தார்.

ஆகவே துளை வெறும் இடைஞ்சல் அல்ல. பிற்காலச் சிற்றாலயங்களில் சிலைகளை அந்தத் துளையை நினைத்தே நிறுத்தியிருக்கிறார்கள். எட்ட நின்று தடுப்பின் இடைவெளிகளில் துண்டு துண்டாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முகத்தைத் துளையருகே கொண்டுபோங்கள். முழந்தாள் பலகை இருந்தால் அதில் முழந்தாளிடுங்கள். பக்திக்காக மட்டுமல்ல, கண் இருக்க வேண்டிய உயரமும் அதுதான். பிறகு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே இருட்டாகத்தான் தெரியும். மெல்ல மெல்லச் சுவரிலிருக்கும் கூட்டம் எழுந்து வரும். அதற்குப் பிறகு அடுத்த துளைக்குப் போங்கள். ஒரே காட்சி அங்கிருந்து வேறாக இருக்கும். முதல் துளையில் முதுகு காட்டி நின்றவனின் முகம் அடுத்ததில் தெரியும்.

படம் எடுக்கிறவர்களுக்கு: பிளாஷ் போடாதீர்கள். கண்ணாடி இருக்கும் இடத்தில் ஒளி திரும்பி அடித்து வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். போனின் லென்ஸைத் துளையை ஒட்டி வைத்து, சுற்றிக் கையால் மறைத்தால் போதும். ஆனால் கையையோ போனையோ துளைக்குள் நீட்டக் கூடாது. உள்ளே விழுந்தால் நீங்களே எடுக்க முடியாது. துளையில் ஒருவர் செபித்துக்கொண்டிருந்தால் அவர் எழும்வரை காத்திருப்பது இங்கே எழுதாத சட்டம்.

நடக்கும் வரிசை

பெருவாயிலைக் கடந்ததும் முதல் சிற்றாலயத்தில் ஆதாம், ஏவாள், சுற்றிலும் விலங்குகள். 2 முதல் 19 வரை மரங்களுக்கிடையே பரந்து கிடக்கின்றன. இங்கே காட்டுப் பாதை சுற்றிச் சுற்றிப் போகும். எண்ணைப் பார்க்காமல் நடந்தால் 12 முதல் 18 வரை எங்கேனும் ஒன்று தவறிவிடும். இந்தப் பகுதியை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். நின்று பார்க்க மூன்று நான்கு இடங்கள் போதும்.

ஐந்தாவதில் மூவரசர் வருகை, கவுதென்ட்சியோவின் வேலை. அரசர்களின் பரிவாரம் சிலையாகத் தொடங்கிச் சுவருக்குள் ஓவியமாகத் தொடர்ந்துபோகிறது. எங்கே சிலை முடிகிறது, எங்கே ஓவியம் தொடங்குகிறது என்று கண்ணால் கோடு போட்டுப் பாருங்கள். அதை ஒட்டி ஆறாவதில் பெத்லகேம் குகை, அங்குள்ள மூலக் குகையின் வடிவத்தைப் பின்பற்றியது. குனிந்து நுழையும் சிறிய, அமைதியான இடம். பதினொன்று மாசில்லாக் குழந்தைகளின் படுகொலை, ஏரோது மன்னன் பெத்லகேமின் ஆண்குழந்தைகளைக் கொல்லச் சொன்ன காட்சி. தரை முழுவதும் குழந்தைகளின் உடல்கள். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். சிலருக்கு இது இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். பதினேழு தோற்றமாற்றம், அதாவது இயேசு மலைமேல் ஒளிமயமாக மாறிய காட்சி. அது நடந்ததாகச் சொல்லப்படும் தாபோர் மலையையே உள்ளே எழுப்பியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்க்க மறந்தால் பாதிதான் பார்த்ததாகும்.

19-ல் இயேசு எருசலேமுக்குள் நுழைகிறார். அதைத் தாண்டி பொன்வாயில் வழியே நீங்களும் நுழைவீர்கள். காடு முடிந்து நகரம் தொடங்கும் இடம் அது. தூண்மண்டபங்களும் முற்றங்களும் அரண்மனை முகப்புகளும் திடீரென்று சூழ்ந்துகொள்ளும். இங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். இயேசு பட்ட பாடுகளின் பகுதி இனிமேல்தான்.

20-வதில் இறுதி இராவுணவு. இங்கே இருப்பவை மலையின் பழைய மரச் சிலைகள். மேல் துணி போர்த்தியவை. மேசை மேல் வைத்திருக்கும் உணவைப் பாருங்கள். விருந்துக்கு என்னென்ன பரிமாறலாம் என்று யாரோ ஆசையோடு யோசித்திருக்கிறார்கள். அடுத்து இயேசு செபித்த கெத்சமனி தோட்டம், கைது, தலைமைக்குருக்கள் அன்னா, கயபா முன் விசாரணை, பேதுருவின் கண்ணீர் என்று 26 வரை வேகமாகப் போகலாம்.

27 முதல் 36 வரை வேகத்தைக் குறையுங்கள். இவை பெரும்பாலும் இயேசுவுக்குத் தீர்ப்பளித்த உரோமை ஆளுநர் பிலாத்துவின் அரண்மனையைச் சுற்றி ஒன்றையொன்று ஒட்டியிருப்பதால் கதவுகளைத் தவறவிடுவது எளிது. சிலைகளில் பெரும்பங்கு ஜொவான்னி தென்ரிக்கோவின் பட்டறையில் உருவானது. சுவர்களில் இரண்டு பெரிய ஓவியர்கள்: அவருடைய தம்பி தான்ட்சியோ (27, 28, 34), மொராட்சோனே (33, 35, 36). இருவரையும் வேறுபடுத்துவது கடினமல்ல. மொராட்சோனேயின் சுவரில் கூட்டமும் பகட்டும் பொங்கும். தான்ட்சியோவின் முகங்கள் கூர்மை. ஒளி ஒரு பக்கமாக வெட்டி விழும். எங்கள் கண்ணுக்குத் தான்ட்சியோதான் ஒரு படி மேல்.

32-வதில் 28 படிகள். இயேசு ஏறிய பிலாத்துவின் அரண்மனைப் படிகள் என்று நம்பப்படும், உரோமையில் இருக்கும் திருப்படிகளின் எண்ணிக்கையில் கட்டியவை. முழந்தாளால் ஏறுகிறவர்களைப் பார்ப்பீர்கள். அவர்களைத் தாண்டி ஓடாதீர்கள்.

33, "இதோ, மனிதன்!" மேலே மாடத்தில் முள்முடியோடு இயேசு. கீழே கத்தும் கூட்டம், சுவரில் தீட்டிய சன்னல்களிலிருந்து எட்டிப் பார்க்கும் மனிதர்கள். நீங்கள் துளையில் முகம் வைக்கும்போது எங்கே நிற்கிறீர்கள் என்று கவனியுங்கள்: கூட்டத்தின் பின்வரிசையில். முன்னால் நிற்பவனின் தோளுக்கு மேலாகத்தான் மாடத்தைப் பார்க்க முடியும். "சிலுவையில் அறையும்" என்று கத்துகிறவர்களில் உங்களையும் ஒருவராக நிறுத்திவிட்டார் சிற்பி. தடுப்பு வந்ததால் நேர்ந்த இழப்பைத் தடுப்பையே கொண்டு ஈடுகட்டிய இடம் இது.

36-வது சிலுவை சுமந்து போகும் காட்சி. சிலைகள் ஜான் தெ வெஸ்பென் என்ற, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள தினான் ஊர்க்காரருடையவை. இத்தாலியர் அவரைத் தபக்கெத்தி என்றார்கள். பிறகு 38.

முப்பத்தெட்டு

குறைந்தது பதினைந்து நிமிடம். மூன்று சிலுவைகள், குதிரைகள், ஈட்டி ஏந்திய வீரர்கள், பிள்ளையை இடுப்பில் ஏந்திய பெண்கள். 1520-ஐ ஒட்டி கவுதென்ட்சியோ சிலையையும் ஓவியத்தையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டு செய்தது. இங்கே ஓவியனும் சிற்பியும் ஒருவரே. தரையில் நிற்கும் கூட்டம் சுவருக்குள் தொடர்கிறது. மேலே விதானத்தில் வானதூதர்கள் அழுகிறார்கள். மக்கள் உள்ளே நுழைந்து நின்ற காலத்தில் செய்ததால், 33 போல ஒரே கோணத்துக்காக அமைந்ததல்ல. சுற்றிலும் எல்லாத் திசையிலும் ஏதோ நடக்கிறது. ஒவ்வொரு துளையிலும் நின்று பார்க்க வேண்டிய காரணம் அதுதான்.

முகங்களை மட்டும் ஒரு சுற்றுப் பாருங்கள். எருசலேமின் ஆட்களே இல்லை. இந்தப் பள்ளத்தாக்கின் மனிதர்கள். தாடியிலும் தலையிலும் ஒட்டியிருப்பது உண்மையான முடி. மலையின் சிலைகளில் கொடுமைக்காரர்கள் சிலருக்குக் கழுத்தில் பெரிய கழலை தொங்கும். உணவில் அயோடின் குறைந்த ஆல்ப்ஸ் மலைப்புறங்களில் அந்தக் காலத்தில் கழுத்துக்கழலை சாதாரணம். கண்ணால் பார்த்ததைச் சிற்பி களிமண்ணில் வைத்தான். நோயாளியைக் கெட்டவனாக்கிய குற்றமும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

பழைய சிலைகள் மரம். பின்னால் வந்தவற்றில் பெரும்பாலானவை சுடுமண். ஆளுயரச் சிலையை முழுசாகச் சூளையில் வைத்தால் வெடிக்கும். அதனால் உள்ளே குடைந்து, துண்டுகளாக அறுத்துச் சுட்டு, பிறகு ஒட்டி, சாந்து பூசி, வண்ணம் தீட்டுவார்கள். ஒட்டுகளை ஆடையின் மடிப்பிலும் இடுப்புக் கச்சையிலும் மறைத்துவிடுவது வழக்கம். உற்றுப் பார்த்தால் எங்கேனும் ஒரு மெல்லிய கோடு தெரியும்.

பேராலயமும் கல்லறையும்

43-வது இயேசுவின் கல்லறை, 1491-இல் கட்டிய அந்த முதல் சிற்றாலயம். எருசலேமில் இருப்பதைப் போலவே வாயில் தாழ்வு. தலையை இடித்துக்கொள்ளாமல் குனியுங்கள். மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ 1578-லும் 1584-லும் இங்கே வந்து தங்கிச் செபித்தார். இரண்டாம் முறை இங்கிருந்து மிலான் திரும்பிய சில நாளில், நவம்பர் 3 அன்று, இறந்தார். அவருடைய பெயரை இந்த மலையில் பல இடங்களில் கேட்பீர்கள்.

பேராலயம் மரியன்னையின் விண்ணேற்புக்கு அர்ப்பணித்தது. அடிக்கல் 1614, பளிங்கு முகப்பு 1896. உள்ளே நுழைந்ததும் நேராகக் குவிமாடத்துக்கு அடியில் போய் அண்ணாந்து பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சிலைகள் வட்டம் வட்டமாக ஏறி அன்னையைச் சூழ்கின்றன. தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். திருப்பலி நடக்கும்போது சுற்றிப் பார்க்கக் கூடாது. ஆகஸ்ட் 15 விண்ணேற்பு விழா. அன்று கலையைப் பார்க்க வந்தால் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள், வழிபட வந்தால் அதைவிட நல்ல நாள் இல்லை.

மலையைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. மெழுகுவத்திக்கும் காணிக்கைக்கும் சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் காலை ஒன்பதுக்குள் ஏறினால் காட்டுப் பகுதியை வெயிலுக்கு முன் முடித்து, நண்பகல் வெயிலை முற்றங்களின் நிழலில் கழிக்கலாம். குளிர்காலத்தில் பகல் சுருங்கும். மூன்று மணிக்கு மேல் சில சிற்றாலயங்களில் உருவங்களே பிரியாது. கல்பாதையில் உறைபனியும் இருக்கும்.

இதே வகை மலைகள் பியெமோந்தே, லொம்பார்தியா பகுதிகளில் ஒன்பது. 2003-இல் யுனெஸ்கோ அவற்றைச் சேர்த்தே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. மூத்தது வராலோ. அடுத்த நாளும் கையில் இருந்தால் ஓர்த்தா ஏரிக்கரையில் உள்ள மலைக்குப் போகலாம். 20 சிற்றாலயங்கள், எல்லாம் அசிசி பிரான்சிஸின் வாழ்க்கை, பாதி நாள் போதும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.